ஆளுக்கு ஒரு வருஷம்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் முகத்துக்கு முன்பே அவருடைய ஷூவைத்தான் பார்த்தேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் வாசலில் செருப்புகளுக்கு நடுவே அது தனியாகத் தெரிந்தது. பழைய கருப்பு ஷூ. வலது காலின் அடிப்பாகம் எப்போதோ பிளந்திருக்கிறது. அதை யாரோ விளிம்பில் ஒரு சொட்டுப் பசைகூட வழியாமல் ஒட்டியிருந்தார்கள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் செக்கர். தைத்து வரும் ஷூக்களைப் புரட்டிப் பார்த்து, தையல் விலகியிருந்தாலோ தோலில் கீறல் இருந்தாலோ அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவது என் வேலை. அந்த ஷூவில் ஒட்ட எனக்கு இடம் கிடைக்கவில்லை. காபி கொடுக்கும்போது, "ஷூவ எங்க குடுத்து ஒட்டுனீங்க?" என்று கேட்டேன். "நானேதாங்க ஒட்டுனேன்," என்றார். அந்த நிமிஷமே பிடித்துப்போனது. முகமும் பரவாயில்லை.

அவர் சென்னைக்காரர், லிஃப்ட் மெக்கானிக். அவருடைய அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "கல்யாணத்துக்கு அப்புறம் வேல கீலன்னு அலைய வேணாம்மா. மெட்ராஸ்ல ராணி மாரி இருக்கலாம்," என்றார்.

"ராணிக்கு அங்க இன்னா வேலைங்க?" என்று கேட்டேன். அப்பா தொண்டையைச் செருமினார்.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் நடுவே இருக்கிற கிராமம். என் வேலை இங்கே, அவர் வேலை அங்கே. இரண்டில் எதை விடுவது என்று பேச்சு இழுத்துக்கொண்டே போய், நிச்சயதார்த்தமே நின்றுவிடும்போல ஆகிவிட்டது. கடைசியில் அவர்தான் போனில் சொன்னார்: "மொதல்ல ஒரு வருஷம் நீ இங்க வா. அடுத்த வருஷம் நான் அங்க வர்றேன். ரெண்டாவது வருஷம் முடியற அன்னிக்கு, எங்க இருக்கலாம்னு முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது, ஒருத்தர ஒருத்தர் நச்சரிக்கவும் கூடாது." பெரியவர்கள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். பட்டணத்தைப் பார்த்த பெண் எங்கே திரும்பப் போகிறாள் என்பது மாமியாரின் கணக்கு. இவளாவது, அங்கே ஒரு வருஷம் தாங்குவதாவது என்பது அப்பாவின் கணக்கு.

கல்யாணம் முடிந்து நான் போனது வடசென்னையில் ஒரு நாலாவது மாடி வீட்டுக்கு; மாமியாரும் எங்களோடுதான். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது. அதைப் பார்க்கும் ஒப்பந்தம் வேறொரு கம்பெனியிடம் இருந்தது. இவர் கைவைத்தால் சண்டை வரும். படி ஏறி இறங்கியே நான் இளைத்தேன்.

சென்னையைப் பற்றி நான் குறை சொல்வேன் என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் என்னிடம் கதை கேட்பார்கள். நான் சொல்ல மாட்டேன். எனக்கு அங்கே பிடித்தது நிறைய. ஊரில் நான் பஸ் ஸ்டாண்டில் இந்தப் பக்கம் திரும்பாமல் அந்தப் பக்கம் திரும்பினால், வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே அம்மாவுக்குப் போன் வந்துவிடும். சென்னையில் கடற்கரை வரை தனியாக நடந்து போனேன். சுண்டல் தின்றேன். அலையில் கால் நனைத்தேன். ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. அப்படி ஒரு நிம்மதி அதற்கு முன்னால் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் அதே ஊரில், எதிர்வீட்டுக் கதவு என் கண்ணுக்கு நேராகவே சாத்திக்கொள்ளும். மாதக்கணக்கில் அந்த வராந்தாவில் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலையும் இல்லை. ஷூ கம்பெனிகள் பல்லாவரம் பக்கம் இருக்கின்றன என்றார்கள். போய்வரவே பாதி நாள் ஆகிவிடும். எனக்குக் கை அரித்தது.

ஒருநாள் காலையில் கைப்பையைத் துழாவும்போது அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் ரோல் கிடைத்தது. வராந்தாவில் வீட்டுக்கு வீடு ஷூ வரிசையாக இருந்தது. எதிர்வீட்டுக்காரரின் புது பிரவுன் ஷூவைச் சும்மா கையில் எடுத்துப் பார்த்தேன். இடது முனையில் தையல் கோடு தாண்டி ஓடியிருந்தது. கை தானாக ஒரு அம்புக்குறியை ஒட்டிவிட்டது. அடுத்த வீட்டு ஷூவில் தோல் நிறம் இரண்டு காலுக்கும் ஒத்துப்போகவில்லை. அதற்கும் ஒன்று. இப்படியே வராந்தாவின் கடைசி வரை போய்விட்டேன். திரும்பி வரும்போது எல்லாவற்றையும் பிய்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். உள்ளே குக்கர் விசில் அடித்தது. ஓடினேன். பிறகு மறந்தே போனேன்.

சாயங்காலம் காலிங்பெல் அடித்தது. எதிர்வீட்டுக்காரர் கையில் ஷூவோடு நின்றார்.

"இன்னாம்மா இது? ஆபீஸ் பூரா நான் கால்ல அம்பு விட்டுக்கினே நடந்திருக்கேன்! வாட்ச்மேன் சொல்றாரு, காலைல நீங்கதான் குனிஞ்சு குனிஞ்சு ஒட்டிக்கினு இருந்தீங்களாம்!"

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. வேலைப் புத்தி முந்திக்கொண்டது. "சார், இந்தத் தையல் சீக்கிரமா பிரிஞ்சிடும். புதுசுதானே, கடையில குடுத்து மாத்திக்குங்க," என்றேன். அவருக்குப் பின்னால் நின்றிருந்த அவர் மனைவி முதலில் சிரித்தார். அப்புறம் அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. அதற்கடுத்ததும் திறந்தது. திட்ட வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் எங்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கும் ஒருவரோடொருவர் பேச ஒரு சாக்கு தேவைப்பட்டிருக்கிறது. அன்றைக்கு மாமியார் வெட்கத்தால் சமையலறையைவிட்டு வெளியே வரவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஷூவும் கைப்பையும் எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம், "இருங்க, எங்க மருமவ பாத்து சொல்லுவா, ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என் வருஷம் முடிந்தது. அவர் வருஷம் தொடங்கியது.

எங்கள் கிராமத்துக்கு வந்தபோது அவர் கையில் ஒரு சின்னப் பைதான் இருந்தது. வேலைச் சாமான்கள் உள்ள பெரிய இரும்புப் பெட்டி சென்னையில் அம்மாவின் கட்டிலுக்கடியிலேயே இருந்தது. விருந்துக்கு வருகிற மாதிரி வருகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. நச்சரிக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். பையை வாங்கி உள்ளே வைத்தேன்.

கிராமம் என்றால் குயில் கூவும், காற்று வீசும் என்று நினைத்து வந்திருக்கிறார் பாவம். முதல் நாள் விடியும்போதே கம்பெனி பஸ்கள் வரிசையாக ஹாரன் அடித்தன. தெருவில் பெண்கள் டிபன் பையோடு ஓடினார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. என் பழைய லைனில் மறுபடியும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். "இதுவா கிராமம்? சென்ட்ரல் ஸ்டேஷன் மாரி இருக்கு!" என்று கண்ணைக் கசக்கினார். காற்று திரும்பியதும் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை வந்தது. ஊரில் நாங்கள் அதை வாடை என்றே நினைப்பதில்லை. அவர் மூக்கைப் பொத்தினார். அன்று சாயங்காலம் எனக்காக ஆசையாக டீ போட்டார். பால் திரிந்துபோனது. இன்னொரு பாக்கெட் வாங்கி வந்தார். அதுவும் திரிந்தது. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடியிலிருந்து வீட்டுக்கார பாய் அம்மா எட்டிப் பார்த்து, "போர் தண்ணியில போட்டீங்களா தம்பி? அதுல உப்பு ஜாஸ்தி. கேன் தண்ணி எடுங்க," என்றார். தண்ணீருக்கு மேல் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாத ஊர் இது. அதையும் நான் மறைக்கப் போவதில்லை.

அதைவிட மோசம் டீக்கடைப் பேச்சு. "லிஃப்ட் மெக்கானிக்கா? இங்க எதுக்கு மாப்ள லிஃப்ட்டு? தென்ன மரம் ஏறவா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். வாடகை கொடுத்துத் தனியாகத்தான் இருந்தோம். அப்படியும் வீட்டோட மாப்பிள்ளை என்று பேர் வைத்தார்கள். அவர் சமைத்தார், துணி காயப்போட்டார், மத்தியானங்களில் சும்மா உட்கார்ந்திருந்தார். சென்னையில் எனக்குக் கை அரித்ததே, அதே அரிப்பு. எனக்கு ஊர்மேல் கோபம் கோபமாக வந்தது.

அந்த வருஷத்தின் நடுவில் ஒருநாள் எங்கள் கம்பெனியில் சரக்கு லிஃப்ட் நின்றுவிட்டது. பெட்டி பெட்டியாக ஷூ எல்லாம் மேல்மாடியில். வாசலில் கண்டெய்னர் லாரி. சென்னையிலிருந்து மெக்கானிக் வர இருட்டிவிடும் என்று மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரரு லிஃப்ட் மெக்கானிக்குதான் சார்," என்றேன். சின்னப் பையோடு டிவிஎஸ்சில் வந்தார். மெயின்டனன்ஸ் ஆளிடம் ஸ்பேனர் கடன் வாங்கிக்கொண்டு மேலே ஏறினார். எங்கள் லைன் மொத்தமும் தையலை விட்டுவிட்டுக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. கதவுப் பூட்டுக்குள் தோல் தூசி போய் அடைத்திருந்ததாம். "மெட்ராஸ்ல இந்தத் தூசிய நான் பாத்ததே இல்ல. இனிமே மொதல்ல இதத்தான் பாக்கணும்," என்று கையைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். லிஃப்ட் இறங்கியது. நான் விசிலடித்தேன். ஆமாம், நான்தான்.

அதற்குப் பிறகு அவர் போன் ஓயவில்லை. எந்தக் கம்பெனியில்தான் சரக்கு லிஃப்ட் இல்லை? வேலூரில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை நம்பித் தெருவுக்குத் தெரு லாட்ஜ்; ஒவ்வொரு லாட்ஜிலும் ஒரு லிஃப்ட். டீக்கடையில் தென்னை மரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனாலும் அந்த இரும்புப் பெட்டி மட்டும் வரவில்லை. மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்கச் சென்னை போவார், வெறுங்கையோடு திரும்புவார், மறுநாள் யாரிடமாவது சாமான் கடன் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போவார். அதுதான் அவருடைய பதில் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது மேனேஜர் கூப்பிட்டார். "லைன் சூப்பர்வைசர் போஸ்ட் காலி. உனக்குத் தரலாம்னு இருக்கோம். இருப்பியா, மெட்ராசுக்கே போய்டுவியா?"

"ஞாயித்துக்கெழமைக்கு மேல சொல்றேன் சார்," என்றேன். பாத்ரூமில் போய் அழுதேன். எனக்கு அந்த வேலை வேண்டும். அவரும் வேண்டும். இரண்டும் ஒரே ஊரில் வேண்டும்.

வருஷத்தின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தன் அம்மாவை அழைத்து வர ஸ்டேஷனுக்குப் போனார். மகனைக் கையோடு கூட்டிப்போகத்தான் மாமியார் வருகிறார் என்று இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாராக நின்றேன். ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் மாமியாருமாகப் பிடித்து, அந்த இரும்புப் பெட்டியை இறக்கினார்கள்.

இடுப்பில் செருகிய புடவையை இழுத்துவிட்டேன். மாமியார் மூச்சு வாங்கினார். "இன்னா பாக்கற? மாசா மாசம் வந்து பொட்டிய குடு, பொட்டிய குடுன்னு உயிர வாங்கினான். நான்தான் குடுக்கல. பொட்டி என்கிட்ட இருந்தா புள்ளயும் என்கிட்ட வந்துடுவான்னு நெனச்சேன்."

நான் அவரைப் பார்த்தேன். "கடைசி நாளுக்கு முன்னாடி சொல்லக் கூடாதுன்னுதானே ஒப்பந்தம்?" என்றார்.

"உங்க ஒப்பந்தத்துல என்ன யாராச்சும் கேட்டீங்களா?" என்று மாமியார் குரலை உயர்த்தினார். "நாலு மாடி ஏறி, கதவத் தொறந்தா யாருமில்ல. எனக்கும் ஒரு வருஷம். இன்னிலேந்து கணக்கு. புடிக்கலன்னா பொட்டியத் தூக்கிக்கினு போய்ட்டே இருப்பேன். அந்த ஸ்டிக்கரு ரோலு எங்க? கொண்டா. இந்த ஊர நான் செக் பண்றேன்."

சாயங்காலத்துக்குள் போர் குழாயில் ஒரு அம்புக்குறி, வாசல் திண்ணையின் ஒழுகும் ஓட்டில் ஒன்று, அவர் போட்ட டீயில் குறை சொல்ல முடியாமல் டம்ளரில் ஒன்று. திங்கட்கிழமை மேனேஜரிடம் சரி என்றேன். சூப்பர்வைசருக்கு உண்டான நீலக் கோட்டைக் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடும்போது மாமியார் நிறுத்தினார். காலரைத் தூக்கிப் பார்த்தார்.

"இஸ்திரி யாரு போட்டது?"

"உங்க புள்ள, அத்த."

"யாரு போட்டா இன்னா, மடிப்பு கோணல்," என்று ஒரு அம்புக்குறியைக் காலரில் அழுத்தி ஒட்டினார். பஸ் ஹாரன் அடித்தது. லைனில் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சாயங்காலம் வீடு திரும்பும்வரை நான் அதை எடுக்கவில்லை.