மீன் தின்னாத யாக்கோப்பு

ஊர்காவற்றுறை யாக்கோப்பு மீன் தின்னமாட்டார் என்பது நெடுங்காலமாக அவருடைய மனைவி மாக்கிறேற்றுக்கு மட்டும்தான் தெரியும். கலியாணமான புதிதில் அவரே ஒரு பெரிய பாரை மீனை வெட்டினார். சதைக்குள் சோற்றுப் பருக்கை போல ஏதோ வெள்ளையாகத் தெரிய, கத்தி நுனியால் கிளறிப் பார்த்தார். அது நெளிந்தது. அன்றோடு மீன் வெறுத்துப்போனது. மீன்பிடித் தொழிலை விடவில்லை, இரவில் கடலுக்குப் போய் விடிய வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவந்து, மீனைச் சந்தையில் விற்க மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பருப்போடு சோறு தின்று படுத்துவிடுவார்.

எண்பத்தாறாம் ஆண்டு, அயலூரான நாரந்தனையில் ஒரு ஞானஸ்நான விருந்து. மீன் துண்டை அவர் ஒதுக்கி வைத்ததைப் பார்த்து யாரோ காரணம் கேட்டார்கள். பொய் சொல்லத் தெரியாத மனிதர், புழுக் கதையைச் சொல்லிவிட்டார். கதை சந்தைக்கு வர நாளெடுக்கவில்லை. பிடிக்கிறவனே தின்னாத மீனை நாங்கள் ஏன் வாங்கவேண்டும் என்று சனம் மாக்கிறேற்றைக் கடந்து போனது. விற்காத மீனை அவள் உப்பிட்டுக் காயவைத்தாள்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. சந்தைக்கு வரும் சுகாதாரப் பரிசோதகரிடம் போய் விசாரித்தாள். அது நாடாப்புழுவின் குஞ்சு, கடல்மீனில் இருக்கிறதுதான், அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு நன்றாக வேகவைத்தால் பயமில்லை என்றார் அவர். வெட்டுகிற பலகையைச் சுடுதண்ணீரில் கழுவச் சொன்னார். வீட்டுக்கு வந்து புருசனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நாளைக்கு நீங்களும் என்னோட சந்தைக்கு வாங்கோ."

மறுநாள் யாக்கோப்பு நித்திரைக் கண்ணோடு பலகையின் முன் குந்தினார். வழக்கமாக அவர்களிடம் மீன் வாங்குகிற புளியங்கூடல் கமலாதேவி ரீச்சர் வந்து நின்றார்.

"நீர் இப்ப மீன் தின்னுறீரோ?"

"இல்லை ரீச்சர், பொய் சொல்ல ஏலாது. உங்களுக்கு முன்னாலையே வெட்டிக் காட்டுறன். புழு இருந்தால் வாங்காதேங்கோ."

அவர் ஒரு விளைமீனைப் பிளந்து, சதையை விரித்து, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சுத்தமாக இருந்தது. அடுத்ததில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிய, தானே அதைப் புறம்பாக வைத்தார். ரீச்சர் முதல் மீனை வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு மற்றவர்களும் வந்தார்கள். சிலர் வெட்டிக் காட்டாமல் வாங்கவே மறுத்தார்கள். பாதி நித்திரை போனது என்று யாக்கோப்பு முணுமுணுத்தாலும் நாளும் வந்தார். அத்தனை வருடம் தனியே கூடை சுமந்த மாக்கிறேற்றுக்கு, திரும்பும் வழியில் கதைக்க ஓர் ஆள் கிடைத்தது. தொண்ணூறாம் ஆண்டு போர் வந்து தீவைவிட்டு வெளியேறும்வரை இருவரும் அப்படித்தான் போய்வந்தார்கள்.