காய்ச்சலுக்கு இலவச ஷேவிங்

என் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். கத்தரிக்குச் சமமாக வாயும் ஓடும். ஆனால் இருபது வருடமாகத் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை மட்டும் அந்த வாய் வெளியே விட்டதில்லை. டாக்டருக்கும் எனக்கும்தான் தெரியும். எனக்கு அது கிடையாது, பரிசோதித்தாயிற்று.

தினமும் மாத்திரை போடுவதால் ரத்தத்தில் கிருமி தட்டுப்படுவதில்லை. சில செல்களுக்குள் மட்டும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறதாம். "முழுசா ஒழியட்டும், அப்புறம் மகள்கிட்ட சொல்றேன்" என்பார். அது ஒழிவது எப்போது, இவர் சொல்வது எப்போது!

பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். நோய் எதிர்ப்பு செல்கள் தங்களுக்குள் சேதி அனுப்ப ஒருவகைப் புரதத்தைச் சுரக்குமாம். அதை ஊசியில் ஏற்றினால் தூங்குகிற கிருமி விழிக்கும். விழித்தால் உடம்பு அதைக் கண்டுபிடித்து அடிக்கும்.

"காய்ச்சல் வரலாம். கிருமி எண்ணிக்கையும் கொஞ்சம் ஏறலாம். முழிச்சிருச்சுன்னு அர்த்தம்" என்றார் நர்ஸ்.

ஊசி போட்டதும் இரண்டும் வந்தன. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இலவச ஷேவிங். "என்ன விசேஷம்?" என்று கேட்டவர்களிடம், "எனக்குக் காய்ச்சல்!" என்று இளித்தார். பக்கத்துக் கடைத் தையல்காரர் பயந்துபோய் என்னிடம் ஓடிவந்தார்.

மூன்று மாதம் கழித்து நர்ஸ் ரிப்போர்ட்டைப் பிரித்தார். "முழிச்சது உண்மைதாங்க. ஆனா கிருமி ஒளிஞ்சிருக்கிற செல் குறையல. அதே ஊசி அந்த செல்லையும் பெருக வைக்குது."

"அப்போ நான் அதுக்கு டானிக் குடுத்திருக்கேன்" என்றார் இவர்.

"மாத்திரையை விடாதீங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

வீட்டுக்கு வந்ததும், "இன்னும் ஒழியலையே, மகள்கிட்ட எப்படிச் சொல்றது?" என்று ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெத்த பொண்ணுகிட்ட பேச அந்தக் கிருமிகிட்ட அனுமதி வாங்கணுமா?" என்று போனைப் போட்டுக் கையில் திணித்தேன். திக்கித் திணறிச் சொல்லி முடித்தார்.

மகள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அதனாலதான் எனக்கு ஒருதடவைகூட நீ முடி வெட்டலையாப்பா? எல்லார் தலையையும் தொடுற, என்னை மட்டும் பிடிக்கலைன்னு நெனச்சேன்" என்றாள்.

இவர் அழுதேவிட்டார். முடி வெட்டுவதால் ஒட்டாது என்று டாக்டர் நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஊரார் தலைக்கு நம்பினார். மகள் தலைக்கு மட்டும் நம்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இவர் வாழ்நாளில் வெட்டியதிலேயே படுகோணல் அதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெட்டுங்கள் என்றேன், கேட்டால்தானே!