கை கட்டி நின்ற ஜாய்ஸ்

புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஜாய்ஸ் அக்காவின் கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் படித்ததில்லை. பள்ளியில் பிள்ளைக்கு புராஜெக்ட் கொடுத்துவிட்டால் பெற்றவர்களின் கால் தானாக அங்கே போய் நிற்கும். சார்ட், தெர்மாகோல், பசை எல்லாம் விற்பார். இந்த ஜனவரி வரை செய்தும் கொடுத்தார். என் மகன் கார்த்தியின் எரிமலை அவர் செய்ததுதான். கார்த்தி அதன்மேல் தன் பெயரை மட்டும் எழுதினான். அப்போது எனக்கு அதில் வெட்கமே இல்லை.

அக்காவுக்கு அவ்வளவு சுத்தமான கை. கோணல் என்றால் ஆகாது. அந்தக் கை சொந்த மகளையும் விட்டுவைக்கவில்லை. போன வருடம் ஜூனில், நாலாம் வகுப்பு படிக்கும் பிரிசில்லா காகிதக்கூழில் ஒரு திமிங்கிலம் செய்தாள். அவள் குளித்து வருவதற்குள் அக்கா அதன் வாலை வெட்டி நேராக்கி, ஊதா நிறத்தைச் சுரண்டி நீலம் அடித்துவிட்டார். வகுப்பில் "எப்படிமா செஞ்ச?" என்று டீச்சர் கேட்டதற்கு, "எங்கம்மாவ கேளுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். பரிசு என்னவோ வந்தது.

அதற்குப் பிறகு ஏழு மாதம் அவள் பிரஷ்ஷைத் தொடவில்லை. கடை நிறையக் கலர் இருக்க, பிள்ளை டிவி முன்னாலேயே கிடந்தாள். "என் கையாலயே கெடுத்துட்டேன்" என்று அக்கா என்னிடம் சொன்னார்.

ஜனவரியில் 'எங்கள் ஊர்' என்று பள்ளியில் கண்காட்சி அறிவித்தார்கள்; ஒவ்வொரு பிள்ளையும் ஊரின் மாதிரி ஒன்று செய்துவர வேண்டும். இந்தமுறை பிரிசில்லா தானாகவே வந்து நின்றாள்.

"நான் செய்றேன். நீ தொடக்கூடாது."

"தொடமாட்டேன்டி."

"சொல்லவும் கூடாது."

கிழிந்த வலை, கிளிஞ்சல், மீன் செதில் எல்லாம் வீட்டுக்குள் வந்தன. இரண்டாம் நாளே வீடு நாறியது. "இன்னாடி, வூட்ட மீன் மார்க்கெட்டாக்கி வச்சிகீற" என்றார் அக்கா. மகள் திரும்பிப் பார்த்தாள். அக்கா வாயை மூடிக்கொண்டார். கடலுக்குச் சிவப்பு நிறம். படகு வீட்டைவிடப் பெரிசு. ஒரு தென்னை சாய்ந்தே விட்டது. அதை நிமிர்த்த விரல் துடித்ததாம். இரண்டு கையையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு அறை வாசலிலேயே நின்றாராம்.

கண்காட்சியில் பதினொரு பிள்ளைகளின் ஊர் ஒரே வரிசையில் இருந்தது. எல்லாவற்றிலும் அதே பச்சை மரத்தூள், அதே ஐஸ்குச்சி வேலி, அதே நிமிர்ந்த தென்னை. எல்லாம் அக்காவின் கைவேலை, என் மகனுடையதும் சேர்த்து. அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரே ஊர பதினோரு தபா கட்டிகீறேன்."

கூட்டமெல்லாம் பன்னிரண்டாவதன் முன்னால் நின்றது. பிரிசில்லா மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். கடல் ஏன் சிவப்பு என்று ஒருவர் கேட்டார்.

"காலைல ஆறரைக்கு வந்து பாருங்க சார்."

அவள் ஊரில் ஒரு கடையும் இருந்தது. அதன் வாசலில் ஐஸ்குச்சியில் செய்த ஒரு பெண் நின்றாள்; அவள் கைகள் நூலால் கட்டப்பட்டிருந்தன. இது யார் என்று கேட்டேன்.

"எங்கம்மா. நான் செய்றப்போ இப்படித்தான் நின்னுகினு இருந்தாங்க."

என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அக்கா குனிந்து பார்த்தார்.

"மூக்கு கோணலா கீதே."

"மா."

"சரிடி, சொல்லல."

அக்காவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவர் கட்டிய கையைப் பிரிக்கவில்லை.