பனிப்புகாருக்கு மேலே ஒரு கடல்

சுவிற்சர்லாந்தின் பீல் நகரத்தில் இருபத்தாறு வருடம் வாழ்ந்துவிட்டு, போன வருடம் மார்கழியில் மன்னாருக்கே திரும்பி வந்துவிட்டேன். நான் சொல்லப் போவது, புறப்படுவதற்கு மூன்று கிழமைக்கு முன், ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது.

பீலில் மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில்தான் எனக்கு வேலை. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலைமயிர் அளவு முள்ளைச் சின்ன இடுக்கியால் எடுத்து மணிக்கூட்டின் முகத்தில் பொருத்த வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டுதான் செய்யலாம். கணவர் இருந்த காலத்தில் அவரோடு கடைக்கும் கோவிலுக்குமாவது போய்வந்தேன். அவர் காலமாகி, மகளும் கலியாணம் முடித்து ரெனான் என்ற ஊருக்குப் போன பிறகு, வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை என்று ஆகிவிட்டது.

பீலில் இருந்தவர்களுக்குத் தெரியும், கார்த்திகை பிறந்தால் பனிப்புகார், அடர்ந்த பனிமூட்டம், வந்து ஊரை மூடிவிடும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, கிழமைக் கணக்கில். பகல் பன்னிரண்டு மணிக்கும் பஸ்கள் லைற் போட்டுக்கொண்டு ஓடும். நான் மீன்பிடிகாரர் வீட்டுப் பிள்ளை. மன்னாரில், பேசாலையில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது கடல். அந்தச் சாம்பல் நிறத்துக்குள் இருந்துகொண்டு, அந்த வெளிச்சத்தை நினைத்து நான் அழாத வருடமே இல்லை. ஊரில் இருக்கும் அக்காவோடு தொலைபேசியில் கதைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே பாட்டுத்தான்: இங்கே இருட்டு, இங்கே குளிர், இங்கே ஒன்றுமே இல்லை.

வேலையை விடுகிறேன் என்று கடிதம் கொடுத்த பிறகு, ஒருநாள் கோப்பி குடிக்கும் நேரத்தில் ஏன் போகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கு அன்று மனம் சரியில்லை. "உங்கட நாட்டில மூண்டு மாசத்துக்கு வெயில் எண்ட ஒண்டே இல்லை. நான் இஞ்ச ஒரு கார்த்திகையிலயும் சூரியனைக் கண்டதில்லை" என்று கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன்.

என் பக்கத்து மேசைக்காரி கோப்பிக் கப்பைக் கீழே வைத்தாள். பீலிலேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பதினாறு வருடமாகப் பக்கத்தில் இருக்கிறோம், ஆனால் காலை வணக்கம், மாலை வணக்கம், 'நல்ல விடுமுறை' என்பதற்கு மேல் பெரிதாகக் கதைத்ததில்லை. ஒன்று மட்டும் உண்டு. ஒவ்வொரு கார்த்திகையிலும் ஒருமுறை, "சனிக்கிழமை மலைக்கு மேலே போறன், வாறியா?" என்று கேட்பாள். நானும் ஒவ்வொரு முறையும் வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். உண்மையில் ஒரு வேலையும் இருக்காது. அகதியாக வந்தவள், பாவம் என்று இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். அந்த இரக்கம் எனக்குத் தேவையில்லை என்றும் நினைத்தேன்.

"ஒருநாளும் மேலே போனதில்லையா நீ?" என்று அவள் நம்பாமல் கேட்டாள். இல்லை என்றேன்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அவள் நிற்கிறாள். முதுகில் ஒரு பை.

"தடிச்ச ஜக்கெட்டைப் போடு. வா."

வீடு முழுக்கப் பெட்டி கட்டிக் கிடந்தது. இந்த முறை மறுக்க எனக்கு உண்மையான காரணமே இருந்தது. ஆனால் வாசல்வரை வந்து நிற்பவளிடம் எப்படிச் சொல்வது? ஜக்கெட்டைப் போட்டேன்.

ஊரின் ஓரத்தில், கம்பியால் இழுபட்டு மலை ஏறும் சின்ன ரயில் ஒன்று இருக்கிறது. அந்த நிலையத்தைப் பஸ்ஸில் இருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதில் ஏறினோம். யன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தைத் தவிர ஒன்றுமில்லை. பக்கத்தில் நிற்கும் மரம்கூடத் தெரியவில்லை. இதைப் பார்க்கவா இவ்வளவு அவசரமாகக் கூட்டிவந்தாள் என்று எனக்குள் எரிச்சல் வந்தது. பிறகு அந்தச் சாம்பல் மெல்ல வெள்ளையாகியது. வெள்ளை மஞ்சளாகியது. திடீரென்று பெட்டி முழுவதும் வெயில். கண் கூசி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன்.

இறங்கி, அவள் பின்னால் கொஞ்சத் தூரம் நடந்தேன். மலையின் விளிம்புக்கு வந்து திரும்பிப் பார்த்தால், கடல்.

வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெண்ணிறக் கடல். அலைகள் எழும்பி, எழும்பிய இடத்திலேயே நின்றுவிட்டது போலக் கிடந்தன. நடுவில் மலை முகடுகள் தீவு தீவாகத் தலை நீட்டின. அந்தப் பக்கக் கரை முழுவதும், ஒரு முனையில் இருந்து மறு முனைவரை, வெண்பனி மூடிய அல்ப்ஸ் மலைகள். மேலே நீல வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆட்கள் ஜக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் சத்தம் போட்டுக் கதைக்கவில்லை.

அப்போது கீழே, எங்கள் ஊரில், பதினொரு மணிக்குத் தேவாலய மணி அடித்தது. கடலுக்கு அடியில் இருந்து மணிச் சத்தம் வருவது போல இருந்தது. என்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன். நின்ற இடத்திலேயே புல்லில் குந்திவிட்டேன்.

இதை ஒருவருக்குக் காட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. கைத்தொலைபேசியை எடுத்து அக்காவுக்கு வீடியோவில் அழைத்தேன்.

"இது எந்தக் கடலடி, பிள்ளை?" என்றா அக்கா.

"கடல் இல்லை அக்கா. பனிப்புகார். இதுக்குக் கீழதான் என்ர வீடு."

"கீழயோ? அந்த இருட்டுக்கயோ?"

"ஓம்."

"அப்ப இதைப் பாக்க எவ்வளவு தூரம் வரவேணும்?"

"பத்து நிமிசம்."

அக்கா, "இருபத்தாறு வருசமா வெயிலைக் காணேல்லை எண்டு அழுதனீயே. ஒருக்கா மேல ஏறிப் பாக்கேல்லையோ?" என்று கேட்டா. குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டா. எப்படியும் ஒருநாள் போய்விடுவேன் என்ற நினைப்பில், அந்த நாட்டை நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. போகாமல் இருந்துவிடுவோமா என்றுகூட அந்தக் கணத்தில் ஒரு எண்ணம் வந்து போனது.

தொலைபேசியை வைத்துவிட்டு அழுதேன். கூட வந்தவள் பயந்துவிட்டாள். "பிழை செய்திட்டனோ? போற நேரத்தில கூட்டிவந்து உன்னை அழ வைச்சிட்டன்" என்றாள். இல்லை என்று தலையை ஆட்டி, பேசாலையைப் பற்றி, அப்பாவின் வள்ளத்தைப் பற்றி, என் அரைகுறை ஜேர்மன் மொழியில் சொன்னேன். பதினாறு வருடத்தில் முதல் தடவை. பிறகு நானும் கேட்டேன்: "ஒவ்வொரு வருசமும் என்னை ஏன் கூப்பிட்டனீ?"

அவள் பையில் இருந்து தேத்தண்ணிப் போத்தலை எடுத்து ஊற்றித் தந்துவிட்டு, மலைகளைப் பார்த்தபடி சொன்னாள்.

"புகார் வந்தா நானும் என்ர தங்கச்சியும் இஞ்ச ஏறிவிடுவம். சின்னனில இருந்தே அப்பிடித்தான். அவள் கனடாவில கலியாணம் முடிச்சுப் போயிட்டாள். திரும்பி வரேல்லை. தனிய வந்து பாத்தன். இதைத் தனிய நிண்டு பாக்க ஏலாது. அந்த வருசம்தான் நீ எனக்குப் பக்கத்தில வந்து இருந்தாய். உன்னைக் கேட்டுப் பாப்பம் எண்டு நினைச்சன்."

ஏக்கம் என்பது ஊரைவிட்டு வந்தவர்களுக்கு மட்டும் உரியது என்று நான் நினைத்திருந்தேன். சொந்த ஊரில், பிறந்து வளர்ந்த இடத்திலேயே இருந்துகொண்டு, போனவளை நினைத்து ஏங்கும் ஒருத்தி ஒரு முழம் தள்ளி இருந்திருக்கிறாள். என்மேல் இரக்கப்பட்டு அவள் கேட்கவில்லை. எனக்கு அவள் எவ்வளவு தேவையோ, அவளுக்கும் நான் அவ்வளவு தேவையாக இருந்திருக்கிறேன். பின்னேரம்வரை இருவரும் அங்கேயே இருந்தோம்.

மூன்று கிழமையில் புறப்பட்டேன். அக்கா என்னை விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தபோது, எனக்கு அந்த மலைமேல் தன் தங்கச்சியைப் பற்றி அவள் சொன்ன வார்த்தைகள்தான் நினைவுக்கு வந்தன. அடுத்த நாள் காலை, குசினியில் அவவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, இருபத்தாறு வருடமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"நான் போன பிறகு நீ எப்பிடியக்கா இருந்தனீ?"

அக்கா அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "இப்பதான் கேக்கிறாய்" என்றா. பிறகு சொல்லத் தொடங்கினா. அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் சமையல் பிந்திவிட்டது.

இப்போது நினைத்தாலும் அந்த வெண்கடல் என் மூச்சை நிறுத்தும்; ஆனால் அதைவிடப் பெரிய அதிசயமாக எனக்குத் தோன்றுவது, பதினைந்து தடவை 'இல்லை' என்ற பதிலைக் கேட்ட பிறகும், பதினாறாவது தடவையாக என் வாசலில் வந்து நின்று 'வா' என்று சொன்ன அந்த மனுசிதான்.