மூச்சு கேட்ட ஜீப்பு

குரங்கணித் தோட்டத்து வேலையை விட்டுவிட்டுப் போடிக்கு மலையிறங்கி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். உள்ளே ஒரு கைக்குழந்தை மூச்சுக்குத் திணறியது. மலைக்குளிருக்குப் பயந்து தாய் அதைக் கம்பளியில் இறுக்கிச் சுற்றி மடியில் கிடத்தியிருந்தாள். பக்கத்தில், நரைத்த தலையும் ரப்பர் செருப்புமாக ஒரு நர்சம்மா.

அவர் கம்பளியைத் தளர்த்தி, குழந்தையைத் தாயின் தோளோடு நிமிர்த்திச் சாய்த்தார்.

"வண்டிய நிப்பாட்டுப்பா."

"வெரசா போகச் சொன்னது நீங்கதான நர்சம்மா?" என்றான் டிரைவர்.

"ஒன் வண்டி இரைச்சல்ல பிள்ளை மூச்சு கேக்கல. ஆஃப் பண்ணு."

ஜீப்பு நின்றது. குழந்தையின் நெஞ்சருகே காதை வைத்தார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"தாங்கும். விடு வண்டிய."

போடி வரும்வரை அந்த நெஞ்சை விட்டு அவர் கண் அகலவில்லை. அது ஏறி இறங்கும்போதெல்லாம் அவர் உதடும் அசைந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக் கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. தாய் பதறினாள்.

"அழட்டும் தாயி. அழுகறதுக்கு மூச்சு வந்துருச்சுல்ல!" என்று சிரித்தார் நர்சம்மா.

மறுநாள் காலை ஏலக்காய்க் குடோனில் மூட்டை தூக்கச் சேர்ந்தேன். தெருவில் யாருடைய குழந்தையோ அழுதது. மூட்டையை இறக்காமலே நின்று கேட்டேன்.