எலிக்குட்டிக்கு மூன்று, மகளுக்குப் பூஜ்யம்

ஆராய்ச்சிக்கூடத்து அறிவிப்புப் பலகை அவரை இப்படி வர்ணிக்கிறது: ‘பிராணிகள் பராமரிப்பாளர். கழிவுகளை அருவருப்பின்றிக் கையாளக்கூடியவர், எளிதில் உணர்ச்சிவசப்படாதவர்.’ அரைவேக்காட்டு முட்டையின் மஞ்சள் கரு தட்டில் ஓடினாலே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுகிற மனிதர், அந்தப் பலகைக்குக் கீழேதான் தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்.

உள்ளே நடப்பது, கைக்குழந்தைகளுக்கு வைரஸால் வரும் வயிற்றுப்போக்கைப் பற்றிய ஆராய்ச்சி. குழந்தைகளுக்கு நோயை வரவழைத்துப் பார்க்க முடியாது. அதனால் கண்கூடத் திறக்காத எலிக்குட்டிகளுக்கு வைரஸைச் சொட்டாகப் புகட்டுகிறார்கள். சில கூண்டுகளுக்கு மருந்தும் தருகிறார்கள். பிறகு இவர் ஒவ்வொரு குட்டியாக எடுத்து, வயிற்றை விரல்நுனியால் மெல்ல அழுத்தி, வெளியே வருவதற்கு மார்க் போடவேண்டும். கெட்டியாக இருந்தால் பூஜ்யம். இளகினால் ஒன்று, குழைந்தால் இரண்டு, மஞ்சளாக நீராய் ஓடினால் மூன்று. எந்தக் கூண்டுக்கு மருந்து போனதென்று இவருக்குச் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் கண் ஓரவஞ்சனை செய்யும்.

இதையெல்லாம் அவர் எப்படிச் செய்கிறார் என்றால், கவசத்துக்குள் இருந்துகொண்டு செய்கிறார். முழு அங்கி, இரட்டைக் கையுறை, முகமூடி. அதற்குள் புகுந்துவிட்டால் ஆள் சிங்கம். வீட்டில் அங்கி கிடையாது. மகள் தவழத் தொடங்கிய பிறகும், டயபர் பிரிக்கிற சத்தம் கேட்டால் அவருக்கு மொட்டைமாடியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

“ஊர் எலிக்கெல்லாம் பின்பக்கம் பாக்கத் தெரியுது. பெத்த பொண்ணுன்னா மட்டும் மாமாவுக்குத் துணிக்கொடி தொய்ஞ்சு போனது ஞாபகம் வந்துடும்” என்பாள், அதே வீட்டில் இருக்கும் மச்சினி.

“அது வேலைம்மா.”

“அப்ப இது என்ன, பொழுதுபோக்கா?”

ஒருநாள் காலையில் குழந்தை பாலைக் கக்கினாள். பிறகு வயிறு போக ஆரம்பித்தது, நிற்கவில்லை. மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே, “என்னங்க, நேத்து கையை ஒழுங்கா கழுவிட்டுத்தானே வந்தீங்க?” என்று கேட்டாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுவினோமா? கழுவினோம். அதற்கப்புறம் அங்கியைத் தொட்டோமா? சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். இத்தனை நாள் மகளைத் தொடாமலிருக்கச் சாக்குத் தேடியவருக்கு, நிஜமாகவே ஒரு காரணம் கிடைத்த அன்றைக்குத்தான் அவளைத் தூக்கிக்கொள்ளவேண்டும் போலிருந்தது.

மருத்துவமனைக்குள்ளும் வரவில்லை. வாசலில் நின்று, ஆராய்ச்சிக்கூடத்துத் தலைவியான கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டார். அழுதுகொண்டே சொன்னார்.

“மேடம், எம்பொண்ணுக்கு நான்தான் கொண்டுவந்துட்டேன்.”

“எதை?”

“நம்ம வைரஸை.”

“அது எலிக்கு வர்ற ரகமாச்சே. உங்க பொண்ணுக்கு வால் இருக்கா?”

“இல்ல மேடம்.”

“அப்ப அழறதை நிறுத்திட்டு உள்ள போங்க. குழந்தைங்க கிட்டருந்து குழந்தைங்களுக்குத்தான் வந்திருக்கும்.”

உள்ளே குழந்தை மருத்துவரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். “நீங்க இவளை விடற குழந்தைகள் காப்பகத்துலேருந்து இன்னைக்கு வந்ததுல இவ முதல் ஆள் இல்ல. உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமா ஸ்பூன்ல குடுத்துக்கிட்டே இருங்க, பாலை நிறுத்தவேண்டாம். வயிறு எப்படிப் போகுதுன்னு பாத்துக்குங்க. கண்ணு குழி விழுந்தா, மூத்திரம் போகலைன்னா உடனே தூக்கிட்டு வந்துடுங்க.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி அலைச்சலில் கண்ணைத் திறந்துவைக்க முடியாமல் படுத்துவிட்டாள். குழந்தை முனகினாள், டயபர் கனத்தது. அவர் மச்சினியைப் பார்த்தார்.

“கையுறை இருக்கா?”

“பாத்திரம் கழுவறது இருக்கு. ஓட்டை. நான் கடைக்குப் போய் டயபர் வாங்கிட்டு வந்துடறேன் மாமா, மாடிக்கு ஓடிடாதீங்க.”

கதவு சாத்திக்கொண்டது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தார். பார்த்தார். வாய் தானாகச் சொன்னது:

“மூணு.”

“மூணு பேரா? யாரு வந்திருக்கா?” என்றாள் மனைவி, தூக்கக் கலக்கத்தில்.

அன்று கரண்டி கரண்டியாகக் கரைசலை ஊட்டினார். கண்ணைப் பார்த்தார், நாக்கைத் தொட்டுப் பார்த்தார். சாயங்காலமும் மூணுதான். மறுநாள் ரெண்டு. மச்சினி வேலையிடத்திலிருந்து போன் செய்து, “என்ன மார்க்?” என்று கேட்க ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் காலை ஒண்ணு. மத்தியானம் அறையிலிருந்து ஒரு கூச்சல்.

“பூஜ்யம்! ஏய், பூஜ்யம்!”

மனைவி ஓடி வந்தாள். அவருக்கு ஒரு கையில் மகள், மறுகையில் டயபர், கன்னத்தில் கண்ணீர். எளிதில் உணர்ச்சிவசப்படாதவர்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மச்சினி எட்டிப் பார்த்தாள். “படிப்புல அப்பனை உரிச்சு வச்சிருக்கா.”

மனைவி மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். குழந்தை பசித்து வீறிட்டாள். அந்த அழுகையைக் கேட்டு எல்லோருக்கும் உயிர் வந்தது.

பலகை இன்னும் அங்கேதான் தொங்குகிறது. முட்டையைக் கண்டால் அவர் இன்னும் எழுந்துவிடுகிறார். அந்த மூன்று நாளும் மகளுக்கு டயபர் மாற்றியது அவர்தான். வெறுங்கையால் மாற்றினார், பிறகு சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டார்.