கொண்டை ஊசி வளைவுகளுக்குள் ஒரு முகம்

ஃப்ளெக்ஸ் வைக்காத விசேஷத்தை என் தம்பி விசேஷமாகவே எடுத்துக்கொள்ள மாட்டான். போடியில் எந்த மண்டப வாசலிலும் பார்க்கலாம். நடுவில் மணமக்கள், சுற்றிலும் பங்காளி, மாமன், மச்சான், தவழும் குழந்தை வரை எல்லார் தலையும் இருக்கும். என் மகன் கல்யாணத்துக்கு அவன்தான் தாய்மாமன், விடுவானா? வீட்டில் எல்லார் படமும் கேட்டான். அனுப்பினேன், மகள் படத்தைத் தவிர.

காரணம் அவனுக்கும் தெரியும். போன வருடம் எவனோ அவளுடைய கல்லூரி விழாப் படத்தை எடுத்து, ஏஐயிடம் கொடுத்து, அவள் போகாத இடத்தில் உடுத்தாத கோலத்தில் நிற்க வைத்துப் பரப்பினான். புகார் கொடுத்தோம், நீக்கினார்கள். அதோடு முடிந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். நான்தான் இன்னும், போனில் படம் வந்து விழும் சத்தம் கேட்டால் திறக்காமல் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். அவள் படங்களை எல்லா இடத்திலிருந்தும் அழிக்க வைத்தேன். அதன் பிறகு நானும் அவளை ஒரு படம்கூட எடுக்கவில்லை.

"அண்ணன் கல்யாணத்துல ஊரே ஃப்ளெக்ஸ்ல நிக்கும், நான் மட்டும் ஒளிஞ்சுக்கணுமா? தப்புப் பண்ணவன் எவனோ," என்றாள் மகள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அழாமல் கேட்டாள்.

பதிலையும் அவளே தேடினாள். மதுரையில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். மனிதர் கண்ணுக்கு விளங்கி மெஷினுக்கு மட்டும் குழம்புகிற மாதிரி படம் செய்யலாம் என்றாள். நாம் முகத்தை மொத்தமாகப் பார்க்கிறோம். மெஷின் கண்ணோரம், மூக்கோரம் நிழல் விழும் விதத்தை வைத்துத்தான் முகம் என்று முடிவு செய்கிறதாம். அங்கெல்லாம் கோடுகளைக் குறுக்கே ஓடவிட்டால் திணறிவிடும் என்றாள்.

விடுமுறை முழுக்க லேப்டாப்பும் கையுமாக இருந்தாள். முதலில் செய்தவற்றில் சிலதை மெஷின் சுலபமாகக் கண்டுபிடித்தது. சிலது எங்களுக்கே தெரியவில்லை, ஒன்றில் பூசணிக்காய் மாதிரி இருந்தாள். கடைசியில் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாளோ என்னவோ, போடிமெட்டு ரோட்டின் வளைவுகளையே முகத்தில் நெளியவிட்டாள். நெற்றியில் தொடங்கி, கன்னத்தில் திரும்பி, தாடை வரை இறங்கும் பச்சைக் கோடுகள். அவற்றுக்குள்ளிருந்து என் மகள் சிரித்தாள்.

இது என்ன என்று போனிலிருந்த ஏஐயிடம் கேட்டோம். மலைச்சாலையின் வரைபடம் என்றது. பக்கத்தில் தேயிலைத் தோட்டம் இருக்கலாம் என்று தானாகவே சேர்த்துச் சொன்னது.

"மெஷினுக்குத் தெரியல, சரி. மனுசனுக்குத் தெரியணும்ல," என்றார் என் கணவர். ஏலக்காய்த் தோட்டத்தில் மேற்பார்வை வேலை, தினமும் வேலையாட்களோடு ஜீப்பில் மலை ஏறுகிறவர். மறுநாள் படத்தை ஜீப்பு முழுக்கக் கைமாறவிட்டிருக்கிறார்.

"அண்ணே, உங்க மோளுல்ல இது," என்றாராம் மலையாளி டிரைவர், ஒரே பார்வையில்.

பின்சீட்டு அம்மா ஒருவர், "நல்லாத் தெரியுது. புள்ள மூஞ்சில எதுக்கு நம்ம ரோட்டைப் போட்டிருக்கு? அந்த மூக்குக்கிட்டத் திரும்பையிலதான் எனக்கு வாந்தி வரும்," என்றாராம்.

தம்பிக்கு அனுப்பிவைத்தேன். இரண்டொரு நாளில் ஃப்ளெக்ஸின் மாதிரி போனில் வந்து விழுந்தது. வழக்கம்போலக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிறகு எடுத்துத் திறந்தேன். மகளுடைய பட்டுச்சேலை, மகளுடைய நகை. மேலே, அடர்ந்த மீசையோடு யாரோ ஒரு பெரிய மனிதர்.

உடனே தம்பி கூப்பிட்டான். "யக்கா, மருமக எடத்துல ஒரு ஆளு நிக்கிறாரே. பொண்ணு வீட்டுக்காரரா?"

"அவுக சேலை கட்டிக்கிட்டா வருவாக?"

ஃப்ளெக்ஸ் கடைக்காரர், படம் கீறிப்போயிருக்கிறது என்று நினைத்துத் தன்னிடமிருந்த ஏஐயில் போட்டுக் கோடுகளைத் துடைத்திருக்கிறார். உள்ளே முகம் அகப்படாமல் அது தனக்குத் தோன்றிய ஒரு முகத்தை வைத்துவிட்டது. மகள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். போனை வாங்கி, "மாமா, மீசைக்காரரை எடுத்துட்டு என் படத்தையே போடச் சொல்லு. கோட்டைத் தொட வேணாம்," என்றாள். போனில் வந்த படத்தைப் பார்த்து எனக்குக் கண்ணில் நீர் வழியச் சிரிப்பு வந்தது, அந்த வருடத்தில் அன்றுதான்.

சிரித்து முடித்ததும் கேட்டேன். "இது எப்பவும் காப்பாத்துமா?"

"காப்பாத்தாதும்மா. நாளைக்கு இதையும் கத்துக்கிரும். அப்ப குமுளி ரோட்டைப் போடுவேன்."

கல்யாணத்தன்று மண்டபத்துக்கு எதிர்ப்புறம் நின்று, ஃப்ளெக்ஸை நோக்கிப் போனைத் தூக்கிப் பிடித்தேன். தம்பி முகம், கணவர் முகம் என்று ஒவ்வொன்றின் மேலும், கேமரா முகத்தைக் கண்டதும் போடும் மஞ்சள் கட்டம் விழுந்தது. மகள் முகத்தில் மட்டும் விழவில்லை. அதே நேரம் பஸ்சை விட்டு இறங்கிய சிலமலை ஊர்ச் சின்னம்மா, கண்ணாடியைக்கூடப் போடாமல் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏத்தா, உன் மகளா இது? சிரிப்பு அப்படியே உன் சிரிப்பு," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

மகள் வெளியே வந்தாள். ஃப்ளெக்ஸின் அடியில், தன் படத்துக்கு நேர் கீழே போய் நின்றாள். கோடு எதுவும் இல்லாத முகம்.

"எடும்மா. வெரசா எடு, உள்ள தாலி கட்டப் போறாக."

கட்டம் அவள் முகத்தைச் சுற்றி வந்து நின்றது. அழுத்தினேன். அவசரத்தில் படம் லேசாகக் கலைந்துதான் விழுந்திருக்கிறது. அவளைத் தெரிகிறது.